முதற் கவளமும் குடலின் குடிமக்களும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் மேல்சித்தாமூரிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் அக்கா. பிரதிவாதி என் ஆயா. வழக்குக்குரிய பொருள், அக்காவின் எட்டு மாத ஆண் குழந்தை.

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே, பார்சுவநாதர் கோயிலும் சமண மடமும் அமைந்த சிற்றூர் எங்களுடையது. சுற்றிலும் நெல்லும் கேழ்வரகும் மணிலாவும் விளையும் பூமி. உணவுக்குப் பஞ்சமில்லாத வீடுதான் எங்களுடையது. ஆயினும் குழந்தையின் எடை ஆறாம் மாதத்தில் 7 கிலோ. எட்டாம் மாதம் நிறைந்தபோது 7 கிலோ 100 கிராம். அங்கன்வாடிப் பணியாளர் வளர்ச்சி அட்டையை விரித்து, மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடப்பதைக் காட்டினார். "பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"தாய்ப்பால்தான். நடுவே வடிகஞ்சி" என்றாள் அக்கா.

"பல் முளைக்காத பிள்ளைக்குச் சோறு எப்படிச் செரிக்கும்? குடல் வெந்து போகும்" என்றார் ஆயா.

"நாங்கள் கொடுத்த சத்துமாவு எங்கே?" என்று அவர் கேட்டபோது வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அது தவிட்டோடு கலந்து பசுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். ஏனெனில் எங்கள் வீடு ஒன்றுதான் இப்படி என்று நான் நம்பவில்லை.

அன்றிரவு அக்கா என்னிடம், "நீ விலங்கியல் படிக்கிறாயே தம்பி, குழந்தைக்குச் சோறு செரிக்குமா செரிக்காதா, புத்தகத்தில் பார்த்துச் சொல்" என்றாள். தவளையின் குடலையும் கரப்பான் பூச்சியின் குடலையும் படம் வரைந்து பாகம் குறித்த எனக்கு, சொந்த அக்காள் மகனின் குடலைப் பற்றி விடை தெரியவில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துதான் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. அங்கே நான் கற்றதைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணுக்குத் தெரியாத குடிமக்கள்

நம் பெருங்குடல் ஓர் ஊர். அதில் வாழும் குடிமக்கள் பாக்டீரியாக்கள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்று 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்பவை. அத்தனையும் சேர்ந்து எடை கால் கிலோவுக்கும் குறைவுதான்.

இந்தக் குடியேற்றம் பிறப்போடு தொடங்குகிறது. தாயின் பிறப்புவழி, தாயின் தோல், பால், தூக்குவோரின் கைகள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் நுண்ணுயிர்கள் வந்து சேர்கின்றன. இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தியோடர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர். முனிச் நகரில் பணியாற்றிய அவர், பச்சிளங் குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து 1885-இல் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். இன்று நாம் பாடத்தில் 'எஷரிக்கியா கோலை' என்று படிப்பது அதுவே. பின்னர் 1899-ஆம் ஆண்டில் பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஆன்றி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைக் கோல் போல இரண்டாகக் கிளைத்த வேறொரு பாக்டீரியாவைக் கண்டார். அதுதான் பிஃபிடோபாக்டீரியம். 'பிஃபிடஸ்' என்ற சொல்லுக்கே பிளவுபட்டது என்று பொருள்.

தாய்ப்பாலில் யாருக்கு விருந்து?

தாய்ப்பாலில் கொழுப்புக்கும் லாக்டோஸ் சர்க்கரைக்கும் அடுத்தபடியாக மிகுதியாக உள்ள திடப்பொருள் எது? புரதம் என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒலிகோசாக்கரைடுகள் எனப்படும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளின் தொகுதி. நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் அதில் உண்டு. வியப்பு என்னவெனில், குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. அதற்குரிய நொதிகள் குழந்தையின் குடலில் இல்லை. அப்படியானால் தாயின் உடல் அரும்பாடுபட்டு இவற்றை ஆக்குவது யாருக்காக? பெருங்குடலில் காத்திருக்கும் பிஃபிடோபாக்டீரியங்களுக்காக. ஒரே முலைப்பாலில் குழந்தைக்கு ஒரு பந்தி, குழந்தையின் நுண்ணுயிர்களுக்கு ஒரு பந்தி எனத் தாய் இரண்டு பந்தி வைக்கிறாள்.

விருந்துண்ட பிஃபிடோபாக்டீரியங்கள் நன்றி மறப்பதில்லை. அவை அசெட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆக்கிக் குடலைப் புளிப்பாக வைக்கின்றன. அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் பல தலையெடுக்க மாட்டா. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, இளகலாக, கெட்ட நாற்றமின்றி இருப்பதற்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக நாவில் வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும், உரமருந்தை உரைத்து ஊற்றுவதும் ஏன் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும். கழுவாத பாலாடை வழியாக வேண்டாத விருந்தாளிகளை நாமே ஊருக்குள் அழைத்து வருகிறோம். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் பொருள் அது.

முதற் கவளம் செய்யும் மாற்றம்

ஆறு மாதம் முடிந்ததும் நிலைமை மாறுகிறது. தாய்ப்பால் கெட்டுவிடுவதில்லை; குழந்தை வளர்ந்துவிடுகிறது. கருவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்துச் சேமிப்பு ஏறக்குறைய இக்காலத்தில் தீரத் தொடங்குகிறது. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், 9 முதல் 11 மாதத்தில் 300 கலோரியும், ஒரு வயதுக்கு மேல் 550 கலோரியும் பிற உணவிலிருந்து தேவைப்படுகின்றன. வடிகஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். குழந்தையின் வயிறு நிறைந்துவிடும்; தேவை நிறையாது.

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம். சோறு செரிக்குமா? மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்னும் நொதியைக் கணையம் முதல் மாதங்களில் மிகக் குறைவாகவே சுரக்கிறது என்பது உண்மை. ஆகவே ஆயா சொன்னது முழுதும் பொய்யன்று. மூன்றாம் மாதத்திலேயே சோறு ஊட்டாதே என்பதற்கு அது நல்ல காரணம். ஆனால் ஆறாம் மாதத்தை ஒட்டிக் குடல் ஆயத்தமாகிறது. அப்போதும் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தும் நார்ச்சத்தும் வீணாவதில்லை. அவை பெருங்குடலுக்குச் சென்று நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. செரிமானத்திற்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு, பிசைந்து கொடுக்கும் கையாலேயே தீர்ந்துவிடக் கூடியது.

அமெரிக்காவில் ஒரே குழந்தையை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து, 60-க்கு மேற்பட்ட மல மாதிரிகளை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். காய்ச்சல், அரிசிக் கூழ், பட்டாணி, நோய்க்கு உட்கொண்ட ஆன்டிபயாடிக் என வாழ்வில் நேர்ந்த ஒவ்வொன்றும் குடலின் குடிமக்கள் தொகையில் பதிந்திருந்தது. வீட்டார் உண்ணும் உணவைக் குழந்தையும் உண்ணத் தொடங்கியதும் பாக்டீராய்டீட்ஸ் தொகுதியைச் சேர்ந்த கூட்டம் பெருகி நிலைத்தது. இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. திட உணவு கொடுப்பதற்கு முன்பே, தாவர உணவை உடைக்கக் கூடிய மரபணுக்கள் அக்குழந்தையின் குடல் பாக்டீரியாக்களில் இருந்தன. விருந்தாளி வருமுன் அடுப்பு மூட்டி வைத்தது போல! "செரிக்குமா?" என்று நாம் வெளியே வழக்காடிக்கொண்டிருக்கையில், உள்ளே சமையற்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

அவ்வாறு புதிதாகப் பெருகுவோர் பாக்டீராய்டஸ், பிரிவோடெல்லா, குளோஸ்டிரிடியா வகுப்பைச் சேர்ந்த பல இனங்கள் ஆகியன. இவர்களுள் சிலர் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பியூட்டிரிக் அமிலம் என்னும் பொருளைத் தருகின்றனர். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். இக்காலத்தில் குழந்தையின் மலத்தின் நிறமும் நாற்றமும் மாறுவதைத் தாய்மார்கள் கண்டு அஞ்சுவதுண்டு. அது குடிமக்கள் மாறியதன் அடையாளமே, பெரும்பாலும் நோயன்று.

எனினும் பழைய குடிகளை ஒரேயடியாக வெளியேற்றிவிடக் கூடாது. சுவீடன் நாட்டில் 98 குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்குகிறது. திட உணவு தொடங்கியதைக் காட்டிலும், தாய்ப்பாலை நிறுத்தியதே குடல் நுண்ணுயிர்களைப் பெரியவர்களுடையதைப் போல மாற்றுவதில் பெரும்பங்கு வகித்தது. எனவே சோறு தொடங்கினாலும் பால் தொடர வேண்டும். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று சொல்வது இதனோடு பொருந்தி வருகிறது. ஏறத்தாழ மூன்று வயதில் குழந்தையின் குடல், பெரியவர்களின் குடலை ஒத்த ஊராகிவிடுகிறது.

ஊட்டும் உணவுக்கேற்ப ஊரும் அமையும். ஆப்பிரிக்காவிலுள்ள புர்கினா பாசோ நாட்டின் ஒரு சிற்றூர்க் குழந்தைகளையும் இத்தாலியின் பிளாரன்சு நகரக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அச்சிற்றூர்க் குழந்தைகளிடம் நார்ச்சத்தை உடைக்கும் பிரிவோடெல்லா மிகுந்திருந்தது. அவர்கள் உண்டது என்ன தெரியுமா? கம்பு, சோளம், காராமணி. நாம் ஏழை உணவு என்று ஒதுக்குவன!

வேலூரில் கண்டவை

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டாம். நம் மாவட்டத்திற்கு அருகிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, குழந்தைகளின் குடலைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பிறந்த நாள்தொட்டுக் குழந்தைகளை வீடுவீடாகச் சென்று தொடர்ந்து கவனிக்கும் முறையில் ககன்தீப் காங் போன்றோர் அங்கு நடத்திய ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. எட்டு நாடுகளில் நடந்த குழந்தை வளர்ச்சி ஆய்வொன்றில் இந்தியாவுக்கான களமாக அமைந்தது வேலூரே.

அவ்வாறு தொடரப்பட்ட குழந்தைகளுள், இரண்டு வயது வரை உயரக் குறைவாகவே இருந்த 10 பேரையும் நன்கு வளர்ந்த 10 பேரையும் எடுத்து, சேமித்து வைத்திருந்த அவர்களின் மல மாதிரிகளை ஒப்பிட்டனர். முடிவு 2016-இல் வெளிவந்தது. நன்கு வளர்ந்த குழந்தைகளிடம் பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்னும் நல்ல இனம் மிகுந்திருந்தது. குட்டையாக நின்றுவிட்டவர்களிடம் குடலில் அழற்சியைத் தூண்டக் கூடிய இனங்கள் மிகுந்திருந்தன. இருபது பேரைக் கொண்டு உலகுக்கே விதி வகுத்துவிட முடியாதுதான். எது காரணம், எது விளைவு என்பதும் இதனால் மட்டும் முடிவாகாது. ஆனால் உயரமும் எடையும் வெறும் தட்டில் விழும் சோற்றின் அளவைப் பொறுத்தவை அல்ல என்பதை நம் மண்ணின் குழந்தைகளே காட்டியுள்ளனர்.

அதே வேலூரில் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும் செய்த மற்றோர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. காலரா கண்டவர்களுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தனர். வயிற்றுப்போக்கின் அளவும் நாளும் குறைந்தன. செரிக்காத மாவு பெருங்குடலுக்குச் சென்றது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலங்களாக்கின. அந்த அமிலங்கள் உப்பையும் நீரையும் குடற்சுவர் உறிஞ்ச உதவின. இவ்வாய்வு பெரியவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் செய்யப்பட்டதாயினும், செரிக்காத மாவும் குடலுக்கு நன்மை செய்யும் என்னும் பாடம் அதில் உண்டு.

டாக்காவின் பாடம்

நான் படித்தவற்றுள் நம்பிக்கை தந்தது வங்காளதேசத்துச் செய்தி. டாக்கா நகரின் மிர்ப்பூர் குடிசைப் பகுதியில், ஊட்டம் குன்றிய குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் அவர்களின் வயதுக்கு உரிய வளர்ச்சியை அடையாமல், இளங்குழந்தையின் நிலையிலேயே நின்றுவிட்டன என்று 2014-இல் கண்டனர். உடல் மட்டுமல்ல, குடலின் ஊரும் வளராமல் நின்றிருந்தது. பின்னர் தமீத் அகமதுவும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் தலைமையேற்ற குழுவினர், எவ்வுணவு அந்த ஊரை வளர்க்கும் என்று தேடினர். தேர்ந்தெடுத்தவை நான்கு: கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை விழுது, மசித்த வாழைக்காய்.

இக்கலவையை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தனர். மற்றொரு பிரிவுக்கு வழக்கமான அரிசி பருப்புக் கலவை. முடிவு 2021-இல் வெளிவந்தது. புதிய கலவையில் கலோரி குறைவு. இருந்தும் அதை உண்ட குழந்தைகளே எடையில் விரைந்து தேறினர். ஒரே அளவு உணவைக் கொடுத்தாலும் குடலின் குடிமக்களுக்கு எது ஏற்றதோ அதுவே குழந்தைக்கும் மிகுதியாக ஒட்டும் என்பது இதன் கருத்து. நான்கு பொருள்களுள் ஒன்றான வேர்க்கடலை நம் செம்மண்ணில் விளைகிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்துகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே உண்டு. அதை ஆலைக்கு அனுப்பிவிட்டு, நம் குழந்தைக்கு வடிகஞ்சி வார்க்கிறோம்.

எங்கள் வீட்டு அடுப்படியில்

படித்ததை நான் சொல்லக் கேட்ட ஆயா உடனே ஒப்பவில்லை. "உன் புத்தகம் அஞ்சு பிள்ளை பெத்துதா?" என்று கேட்டார். ஆகவே அவர் அறிந்த பொருள்களிலிருந்தே தொடங்கினேன். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைப்பது ஆயாவுக்குத் தெரிந்த கலை. முளைக்கும் தானியத்தில் அமைலேஸ் நொதி தானே உண்டாகிறது. அந்த மாவைச் சிறிது சேர்த்தால் கெட்டிக் கூழ் இளகிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்துக் குறையும். முளைமாவால் இளக்கினால் சத்துக் குறையாது. கணையத்தில் குறைவாயுள்ள நொதியைத் தானியமே கொண்டுவந்து தருகிறது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தாரும் பரோடாப் பல்கலைக்கழகத்தின் தாரா கோபால்தாசும் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அங்கன்வாடிச் சத்துமாவில் கோதுமையோடும் கடலைப்பருப்போடும் வெல்லத்தோடும் முளைகட்டிய கேழ்வரகு சேர்வதன் காரணமும் இதுவே. இதைக் கேட்டதும் ஆயா, "இதைத்தானே எங்க அம்மா செஞ்சா!" என்றார். வழக்கு அங்கே பாதி தீர்ந்தது.

பின்பு வரிசையாகத் தொடங்கினோம். முதலில் முளைமாவுக் கூழ் இரண்டு கரண்டி. அடுத்த வாரம் குழையச் சமைத்த சோறும் பாசிப்பருப்பும் நெய் விட்டுப் பிசைந்தது. பிறகு மசித்த பூசணி, கீரை, வாழைப்பழம், தயிர்ச் சோறு. முட்டையும் இறைச்சியும் சேர்க்காத வீடுகள் எங்கள் ஊரில் மிகுதி. அத்தகைய வீடுகளில் பருப்பும் கடலையும் கீரையும் பாலும் நாள்தோறும் சேர வேண்டியது மிக அவசியம். வறுத்த மணிலாவை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். நன்றாக விழுதாக அரைத்தே சேர்க்க வேண்டும். தேனை ஒரு வயது வரை தரலாகாது. சர்க்கரையும் உப்பும் தனியே வேண்டா.

தூய்மையைப் பற்றி ஒரு சொல். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது எங்கள் ஊரின் பழைய வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆயினும் பாக்டீரியா துணியின் கண்ணுக்குள் எளிதாக நுழைந்துவிடும். குழந்தைக்குரிய நீரைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். பால்மறக்கும் பருவத்தில் குழந்தைகளை வாட்டும் பேதியைப் பஞ்சாப் சிற்றூர்களில் ஆராய்ந்தவர்கள் 1963-லேயே அதற்குத் தனிப் பெயர் இட்டனர். சோறு செய்யும் குற்றமன்று அது. சோற்றோடு வரும் கிருமி செய்யும் குற்றம். ஊட்டுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவதும், அவ்வப்போது சமைத்து ஊட்டுவதும், மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காமல் இருப்பதும் குடலின் ஊரைக் காக்கும் வேலிகள்.

முடிவுரை

இந்தியாவில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திட அல்லது அரைத்திட உணவும் பெற்றவர்கள் 100-க்கு 46 பேர் மட்டுமே. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் 100-க்கு 11 பேரே. இது வறுமையினால் மட்டும் விளைவதன்று என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. மாவு வீட்டில் இருந்தது. அறிவு வீட்டில் இல்லை.

பதினோராம் மாதம் நிறைந்தபோது எங்கள் குழந்தையின் எடை 8 கிலோ. கோடு மேல்நோக்கி எழுந்துவிட்டது. இன்னும் சற்று ஏற வேண்டும், ஏறும். இப்போது ஆயாதான் ஊட்டுகிறார். கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, "உனக்கு ஒரு வாய், உன் வயித்துல இருக்கிற ஊர்சனத்துக்கு ஒரு வாய்" என்கிறார். குழந்தை வாயைத் திறக்கிறான்.

தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. நம் அக்காமாரும் அண்ணிமாரும் நம்மிடம் கேட்கும் கேள்விகள் தேர்வில் வரமாட்டா. ஆனால் அவற்றுக்கு விடை தேடுவதும் படிப்பே. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டுச் சத்துமாவு எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.